வேலியைப் பார்த்து மெஷினை வாங்கு

(தோட்டத்துக் கருவிகள் - 9)

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் சாலையில் கீரனூரைத் தாண்டும்போது இரண்டு பக்கமும் கவனித்தால், ஒரு தோட்டக்காரர் எதையெல்லாம் அரைக்க வேண்டியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். குளத்துக் கரையில் சீமைக்கருவேலம், மேட்டு நிலத்தில் தைலமரம், வீட்டை ஒட்டி வேம்பும் புளியும், கிணறு இருக்கும் இடத்தில் தென்னை.

இவற்றில் பருத்த கட்டையெல்லாம் காசு. சீமைக்கருவேலம் விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் போகிறது; தைலமரம் காகித ஆலைக்கு. விலைபோகாமல் தோட்டத்தில் கிடப்பது முள்ளும் கொப்பும் மட்டையும்தான். அதைக் குவித்துக் கொளுத்துவதே இன்னும் வழக்கமாக இருக்கிறது. கிளைகளை அரைத்துத் துகளாக்கும், பெட்ரோலில் ஓடும் சிப்பர் வாங்க நினைப்பவர் இந்தக் குவியலைத்தான் அளந்து பார்க்க வேண்டும். எத்தனை குதிரைத்திறன் என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

கழிவை அகற்றுவது எவ்வளவு பெரிய செலவு என்பதை இந்த மாவட்டத்துக்குக் காட்டியது கஜா புயல். 2018 நவம்பர் 16 அதிகாலையில் அது கரையைக் கடந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய். அதில் 600 மரத்துக்கு, 500 வெட்டி அகற்ற. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500 ரூபாய். பாதிக்குச் சற்றுக் குறைவான தொகை, விழுந்ததை அப்புறப்படுத்துவதற்கே ஒதுக்கப்பட்டது. அப்படியே மட்க விடவும் முடியாது. அழுகும் தென்னந்தடியில் காண்டாமிருக வண்டு பெருகி, தப்பி நிற்கும் மரங்களின் குருத்தைத் துளைக்கும்.

ஆனால் அந்தத் தடிகளை எந்தச் சின்னப் பெட்ரோல் மெஷினும் தொட முடியாது. அது டிராக்டர் விசையில் ஓடும் பெரிய இயந்திரங்களின் வேலை. புயலை நினைத்துச் சிப்பர் வாங்குவது வீண். ஆண்டுதோறும் கவாத்தில் விழுவதற்காகத்தான் வாங்க வேண்டும்.

ஏழு குதிரைத்திறன் சிப்பரில் பொதுவாக 200 சிசியை ஒட்டிய நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இருக்கும். மூன்று அங்குலக் கிளைவரை அரைக்கும் என்று அதன் விளம்பரத்தாள் சொல்லும். பச்சையான மென்மரத்துக்கு அது சரி. காய்ந்த கருவேலத்துக்கும் புளியங்கொப்புக்கும் அதில் பாதியை எல்லையாக வைத்துக்கொள்வதே நல்லது. மீறினால் என்ஜின் திணறும், பெல்ட் வழுக்கிக் கருகும். ஆகவே வெட்டிய ஓரிரு நாளில், ஈரம் இருக்கும்போதே அரைத்துவிட வேண்டும்.

தென்னை மட்டையின் சிக்கல் வேறு. அதன் நார், கத்தி மட்டும் உள்ள மெஷினில் அறுபடாமல் தண்டில் சுற்றிக்கொள்ளும். மட்டைக்கு, கத்தியோடு அடித்து நொறுக்கும் சுத்தியல் தகடுகளும் உள்ளதே பொருத்தம். கடைக்குப் போகும்போது சொந்தத் தோட்டத்து மட்டை நாலையும் ஒரு கட்டுக் கொப்பையும் ஏற்றிக்கொண்டு போய், அரைத்துக் காட்டச் சொல்லலாம். இதில் கூச்சம் வேண்டாம். கீரனூர்ப் பக்கத்துச் சரளை மண் ஒட்டிய கிளை கத்தியைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் இரண்டு பக்கமும் கூர் உள்ள, திருப்பிப் போடக்கூடிய கத்தியா, மாற்றுக் கத்தி திருச்சியிலாவது கிடைக்குமா என்று கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

அரைத்த துகளை மண்ணோடு கலந்து உழுதால், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், பயிர் வெளிறிப்போகும். மரத்தைச் சுற்றி, தண்டில் படாமல், மண்ணின் மேல் மூன்று நான்கு அங்குல உயரத்துக்குப் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும். சீமைக்கருவேலத்தில் இன்னொரு எச்சரிக்கை: காய் பிடித்த கிளையை மூடாக்குக்கு அரைக்கவே கூடாது. ஆட்டின் வயிற்றில் போய் வந்தும் முளைக்கும் விதை அது. களையெடுத்தவரே தன் கையால் விதைத்ததாக ஆகிவிடும்.

பாதுகாப்பைப் பற்றிக் கடைகளில் அதிகம் பேசுவதில்லை. கதிரடிக்கும் மெஷின்களில் கை இழந்தவர்கள் பலர். அதனால்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. சிப்பரின் வாயும் அதே ஆபத்துதான். உள்ளே தள்ளும் புனல், முழுக் கையை நீட்டினாலும் கத்தி எட்டாத நீளத்தில் இருக்க வேண்டும், என்ஜினை அணைக்கும் சுவிட்ச் நிற்கும் இடத்திலேயே கைக்கு எட்ட வேண்டும். தொங்கும் துண்டு, வேட்டி, சேலைத் தலைப்போடு யாரும் பக்கத்தில் போகக் கூடாது. அடைப்பு எடுக்கும் முன் என்ஜினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கத்தி முழுதாக நிற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

முழுச் சுமையில் இந்த என்ஜின் மணிக்கு ஒன்றரை லிட்டரை ஒட்டிக் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும் நாளில், ஆண்டுக்கு நாலைந்து நாள் வேலைக்காக ஒருவர் தனியாக வாங்குவது கட்டாது. இரண்டு ஏக்கர் கலப்புத் தோட்டமும் மாதாமாதம் விழும் மட்டையும் உள்ளவருக்கு ஏழு குதிரைத்திறன் போதும். ஐந்து ஏக்கர் தென்னை என்றால் டிராக்டரில் மாட்டும் ஓலை துகளாக்கும் கருவிதான் சரி. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் தரப்பட்டு வருகிறது. எந்தக் கருவி மானியப் பட்டியலில் இருக்கிறது, வாடகைக்குக் கிடைக்குமா என்ற இரண்டையும் புதுக்கோட்டை வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

(தொடரும்)