கணக்கில் ஏறிய 2,000 ரூபாய் எந்தப் பணம்?

2020 ஊரடங்குக் காலம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக்கின் முதல் பக்கமும் கேட்டு ஆட்கள் வந்தார்கள். “கொரோனா பணம் வருது, பேரைச் சேர்த்துவிடுறோம்” என்றார்கள். கூலி வேலைக்குப் போக வழியில்லாத நேரம். ஜனங்கள் கேட்டதைக் கொடுத்தார்கள். கணக்கில் பணம் ஏறியது. தரகர் தன் பங்கை வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் அதிகாரிகள் வந்து, “உங்களுக்குத் தகுதியில்லை, திருப்பிக் கட்டுங்கள்” என்றார்கள்.

அது கொரோனாவுக்கென்று வந்த பணமே அல்ல. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தின் பணம். ஊரடங்கு நெருக்கடிக்காக 2020-21இன் முதல் தவணையை ஏப்ரலிலேயே சுமார் 8.7 கோடி விவசாயிகளுக்குத் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. அது கூடுதல் தொகை அல்ல, எப்படியும் வரவேண்டிய தவணை.

விவசாயி தானே பதிவு செய்துகொள்ளலாம் என்ற வசதியும், வெளியாள் கைக்குப் போன வேளாண் துறை அலுவலகப் பாஸ்வேர்டுகளும் மோசடிக்கு வழிவிட்டன. 13 மாவட்டங்களில் தகுதியற்ற சுமார் 5.5 லட்சம் பேர் பெயரில் 110 கோடி ரூபாய் போனதாக 2020 செப்டம்பரில் தமிழக அரசு தெரிவித்தது. விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது.

யாருக்கு உரிமை?

சொந்தப் பெயரில் சாகுபடி நிலம் உள்ள குடும்பத்துக்கு. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதற்கு ஒரு பங்குதான். 01.02.2019 அன்று நிலம் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு விலக்கு உண்டு. வருமான வரி கட்டுவோரும், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர்களும் சேர முடியாது.

குத்தகைக்கு உழுகிறவருக்கு இதில் இடமில்லை. ஊரடங்கில் விளைந்ததை விற்க முடியாமல் அவரும்தான் நஷ்டப்பட்டார். அவரை வெளியே நிறுத்தியது இந்தத் திட்டத்தின் பெரிய குறை.

எங்கே ஆபத்து?

ஆதார் நகல், கணக்கு எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. மூன்றும் ஒருவர் கைக்குப் போனால் உங்கள் பெயரில் என்ன பதிவாகிறது என்பது உங்களுக்கே தெரியாது. பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. (செயலியை நிறுவும்) கோப்பைத் தொடாதீர்கள், திறந்து நிறுவினால் வங்கிக் கணக்கே காலியாகலாம்.

என்ன செய்யலாம்?

தவணை நின்றுவிட்டால் இ-கேஒய்சி (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு) முடிந்திருக்கிறதா, ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்கின்றனவா, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பி.எம். கிசான் இணையதளத்தில் உங்கள் பதிவின் நிலையைப் பார்க்கலாம். 155261 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.

தகுதியில்லாமல் பணம் வந்திருந்தால் மறைக்க வேண்டாம். திருப்பிச் செலுத்த வழி இருக்கிறது. கட்டியதும் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி யார் ஆதார் நகல் கேட்டாலும், “எந்தத் திட்டம், யார் பெயரில்?” என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். உங்கள் கணக்கில் ஏறும் அரசுப் பணத்தில் பங்கு கேட்க எந்தத் தரகருக்கும் உரிமை இல்லை.