நான்கு பேரினம் கண்ட பாலைப் பட்டாணி

ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் நல்ல மழை விழுந்தால் செம்மணல்மேல் ஒரு செடி தரையோடு தரையாகப் படர்கிறது. இலையும் தண்டும் வெண்ரோமம் போர்த்திச் சாம்பல் பூத்திருக்கும். அதிலிருந்து நிமிரும் காம்புகளில் ஐந்தாறு பூக்கள் கொத்தாகத் தொங்கும். இரத்தச் சிவப்பு, நடுவில் பளபளக்கும் கறுப்புக் குமிழ். 1844இல் உள்நாட்டைத் தேடிப் புறப்பட்ட சார்லஸ் ஸ்டர்ட்டின் பெயரால் இதை ஸ்டர்ட் பாலைப் பட்டாணி என்கிறார்கள்.

ஒன்பது சென்டிமீட்டர் நீளம் வரும் இந்தப் பூ அவரைக் குடும்பத்தது என்று சொன்னால் சட்டென நம்பத் தோன்றாது. அகத்திப் பூ ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: மேலே கொடியிதழ், பக்கங்களில் இரண்டு சிறகிதழ்கள், மகரந்தத்தை மூடிக் காக்கும் படகிதழ். பாலைப் பட்டாணியிலும் இதே அமைப்புதான். கொடியிதழ் மேல்நோக்கி நீண்டு, படகிதழ் கீழே கூர்ந்திருப்பதால் உருவம் மாறித் தெரிகிறது. கறுப்புக் குமிழ் கொடியிதழின் அடிப்பகுதியே.

குடும்பத்தில் குழப்பமில்லை, பேரினத்தில்தான் தகராறு. 1699இல் வில்லியம் டாம்பியர் மேற்குக் கரையோரத் தீவில் சேகரித்த மாதிரி இன்றும் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1832இல் ஜார்ஜ் டான் இதற்கு டோனியா ஃபார்மோசா என்று பெயரிட்டார். பிறகு நியூசிலாந்தின் கிளையாந்தஸ் பேரினத்தில் சேர்த்தார்கள். அதன் பூவும் பெரியது, சிவந்தது, அலகுபோல் வளைந்தது. ஆனால் அது மரத்தன்மை கொண்ட புதர். இரண்டையும் நாடுபவை பறவைகள். பறவைகளை ஈர்க்கும் பூக்கள் உறவில்லாமலே ஒன்றுபோல் ஆவது இயற்கையில் பலமுறை நடந்திருக்கிறது. எனவே பூவின் நிறத்தையும் அளவையும் மட்டும் நம்பி உறவு சொல்வது ஆபத்து.

1990இல் ஜாய் தாம்ப்சன் இதை ஸ்வைன்சோனா பேரினத்துக்கு மாற்றினார். அதன் இனங்கள் ஏறக்குறைய எல்லாமே ஆஸ்திரேலியாவுக்கே உரியவை. பெரும்பாலும் சிறுசெடிகள், ஊதா நிறச் சிறுபூக்கள். பூவின் ஆடம்பரத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பாலைப் பட்டாணிக்கு இதுவே பொருத்தமான வீடு என்பது என் எண்ணம். பிறகு வில்டாம்பியா என்று இதற்கெனத் தனிப் பேரினம் அமைக்கவும் முயன்றார்கள், அது நிலைக்கவில்லை. பேரினம் இத்தனை முறை மாறியும், முதலில் வைத்த இனப்பெயருக்கே முன்னுரிமை என்ற விதியால் ஃபார்மோசா மட்டும் நிலைத்தது.

இதன் விதைத்தோல் கெட்டி; உரசித் தேய்த்தோ வெந்நீரில் ஊறவைத்தோதான் விதைப்பார்கள். 1961 முதல் இது தெற்கு ஆஸ்திரேலியாவின் மாநிலப் பூ. பழைய நூல்களில் கிளையாந்தஸ் என்று காண்பவர்கள் குழம்ப வேண்டாம். இன்றைய பெயர் ஸ்வைன்சோனா ஃபார்மோசா.