பழைய டிராக்டர் எஞ்சின்களும் ஈயமற்ற பெட்ரோலும்

மணியாச்சி ரயில் சந்திப்பிலிருந்து கோவில்பட்டி வரையில் பரந்து கிடக்கும் கரிசல் பூமியின் குணம் யாவரும் அறிந்ததே. கோடையில் பாளம் பாளமாக வெடித்து இறுகிவிடும். மழை விழுந்தாலோ, காலை வைக்கவொட்டாமல் களியாக ஒட்டும். இவ்விரண்டிற்கும் நடுவே உழவுக்கு ஏற்ற பதம் நிற்கும் நாட்கள் மிகச் சொற்பம். அந்த நாட்களில் எஞ்சின் நின்றுவிடுமானால் மானாவாரிப் பருத்திக்கும் கம்புக்கும் விதைப்புப் பருவமே தவறிப்போகும். ஆகையால் இப்பிரதேசத்தில் எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயைப் பற்றிய விசாரம் அற்ப விஷயமன்று.

பழைய பெட்ரோல் டிராக்டரையோ, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினையோ இன்னும் வைத்திருக்கும் நிலச்சொந்தக்காரர்களுக்கு ஒரு சந்தேகம் உண்டு. இக்காலத்துப் பெட்ரோலில் ஈயம் இல்லாமையால் வால்வுகள் கெட்டுவிடும் என்றும், அதற்குப் பரிகாரமாக மருந்து ஒன்றைப் பெட்ரோலில் கலக்க வேண்டும் என்றும் பலர் சொல்லுகின்றனர். இதில் உண்மை எவ்வளவு, வீண் செலவு எவ்வளவு என்பதை ஆராய்ந்தறிவது அவசியம்.

டீசல் எஞ்சின்களுக்கு இக்கவலை இல்லை

முதலாவது, தம்முடைய எஞ்சின் எந்த எண்ணெயில் ஓடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1959-ம் வருஷம் பரீதாபாத்தில் ஐஷர் டிராக்டரும், அதன்பின் சென்னையில் டாபே கம்பெனியாரின் மாஸி பெர்குஸன் டிராக்டரும் நம் தேசத்திலேயே செய்யப்படலாயின. இவை டீசலில் ஓடுபவை. டீசலில் ஈயம் சேர்க்கும் வழக்கம் இருந்ததில்லை. ஆதலால் எவ்வளவு பழைய டீசல் எஞ்சினாயினும் ஈயத்துக்குப் பதிலாக எதையும் கலக்க வேண்டுவதில்லை.

ஈயம் வந்ததும் போனதும்

அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் 1921-ல் ஈயத்திலிருந்து செய்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் சிறிது கலந்தால் எஞ்சின் தட்டுவது நிற்கிறது என்று கண்டார். 1923-ல் அப்பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஈயத்தால் மற்றொரு அனுகூலமும் உண்டாயிற்று. புகைபோக்கி வால்வு, நெருப்பாய்ச் சிவந்த நிலையில், தன் இருக்கையின்மேல் ஓயாமல் மோதுகிறது. அவ்விடத்தில் ஈயம் மெல்லிய பூச்சாகப் படிந்து, இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்ந்து வராமல் காத்தது. அப்பூச்சு இல்லாதபோது சில எஞ்சின்களில் இருக்கை அரிக்கப்பட்டு வால்வு உள்ளே அமிழ்ந்து போகும்.

ஆனால் ஈயம் கொடிய விஷம். புகையோடு வெளிவந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆகவே இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2000-ம் வருஷத்தில் தேசம் முழுவதும் அதுவே வழங்கலாயிற்று. உலகில் கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் மோட்டார் வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை நிறுத்திவிட்டது.

பழைய எஞ்சினுக்கு ஈயம் தேவையா?

போர்டுஸன் டிராக்டர் 1917-ல் வெளிவந்தது; அதாவது ஈயப் பெட்ரோல் விற்பனைக்கு வருவதற்கு ஆறு வருஷங்களுக்கு முன்பே. அது நிமிஷத்துக்குச் சுமார் 1000 சுற்று மட்டுமே சுற்றுவது. மண்ணெண்ணெயில் ஓடும்படி செய்யப்பட்ட எஞ்சின்கள் காற்றை 4, 5 மடங்கு அளவே அழுத்துபவை. இக்காலத்துக் கார்களோ சுமார் 10 மடங்கும் அதற்கு மேலும் அழுத்துகின்றன. குறைந்த அழுத்தமுள்ள எஞ்சினுக்கு இன்று பம்பில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலே தரத்தில் அதிகம். ஆகவே எஞ்சின் தட்டாமலிருக்க எதையும் கலப்பது வீண்.

வால்வு இருக்கையைக் குறித்தும் அனுபவ சாட்சியம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1980-களில் ஈயம் குறைக்கப்பட்டபோது, விவசாயிகளின் அச்சத்தை முன்னிட்டு அந்நாட்டு அரசாங்கம் பழைய பண்ணை எஞ்சின்களை ஈயமற்ற பெட்ரோலில் ஓட்டிச் சோதித்தது. அதிக வேகத்தில், அதிக பாரத்தோடு, இடைவிடாது ஓடிய, மிருதுவான இருக்கையுள்ள எஞ்சின்களிலேயே தேய்வு மிகுதியாகக் கண்டது. மெதுவாக ஓடும் எஞ்சின்களுக்கு அபாயம் குறைவு.

எனினும் கரிசலில் ஆழ உழுவது எஞ்சினுக்குப் பெரும் பாரம். ஆதலால் ஊகத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதே சிலாக்கியம். இருக்கை தேயத் தேய, டாப்பட் இடைவெளி குறுகிக்கொண்டே வரும். முடிவில் வால்வு மூடாமல் நின்று எரிந்துபோகும். 50 மணி நேர வேலைக்கு ஒருமுறை பீலர் கேஜினால் இடைவெளியை அளந்து ஒரு நோட்டில் குறித்து வரவேண்டும். அளவு மாறாதிருந்தால் மருந்து அனாவசியம். ஒரு வால்வில் மட்டும் மீண்டும் மீண்டும் குறுகினால், சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, நல்ல லேத் பட்டறையில் கடின எஃகு வளையம் பொருத்திவிடுவது நிரந்தரப் பரிகாரமாகும். அதுவரையில் பொட்டாசியம் முதலிய சரக்குகளாலான கலப்பு மருந்து ஓரளவு உதவும். ஒரே வகையை, குறித்த அளவில் மட்டும் சேர்க்க வேண்டும். இரு வகைகளைக் கலக்கலாகாது.

உண்மையான அபாயம்

பழைய எஞ்சின்களுக்கு இக்காலப் பெட்ரோலால் உண்டாகும் தொல்லைக்கு, அதில் இல்லாத ஈயத்தைவிட, அதில் உள்ள எத்தனால் என்னும் சாராயமே பெரிய காரணமாகும். இது 2022-ல் நூற்றுக்கு 10 பங்கு என்ற அளவை எட்டியது. 2023-ல் நூற்றுக்கு 20 பங்கு கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் பெரும்பாலும் அதுவே வழங்கலாயிற்று.

தச்சர் அரக்கைச் சாராயத்தில் கரைத்து மரத்துக்குப் பூசுவதை யாவரும் கண்டிருப்பர். பழைய கார்புரேட்டர்களில் உள்ள தக்கை மிதவைக்கு அந்த அரக்கே பூச்சு. அது கரைந்தால் தக்கை பெட்ரோலைக் குடித்து அமிழ்ந்துபோகும்; பெட்ரோல் வழிந்து தீப்பற்றவும் கூடும். பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் உப்பி வெடிக்கும். டேங்கின் அழுக்கும் பிசினும் கரைந்து வந்து துவாரத்தை அடைக்கும். மேலும் சாராயம் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வயலில் இறங்க இயலாமல் டிராக்டர் கொட்டகையில் நிற்கும்போது, டேங்கில் கிடக்கும் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கித் தகரத்தை அரிக்கும்.

செய்யவேண்டியவை

எத்தனாலைத் தாங்கும் குழாய்களையும் வாஷர்களையும் போடுக. தக்கை மிதவைக்குப் பதில் பித்தளை மிதவை பொருத்துக. பெட்ரோலை இரண்டு, மூன்று வாரங்களுக்கு வேண்டிய அளவே வாங்குக. மழைக்காலத்துக்கு முன் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்துக் காயவிடுக. எத்தனால் மிகுந்த பெட்ரோலில் எஞ்சின் சூடேறி இருமினால், கார்புரேட்டரில் பெட்ரோல் சற்று அதிகமாக வரும்படி திருத்துக.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினை, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இல்லாவிடில் எரியாத எண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி ஆயிலைத் தண்ணீராக்கிவிடும். ரேஷனுக்கு ஒதுக்கப்பட்ட நீல மண்ணெண்ணெயை எஞ்சினுக்குத் திருப்புவது சட்டவிரோதம் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துச் சொல்லுதல் நலம்.

மருந்துப் புட்டிகளுக்குச் செலவிடும் பணம் ஒரு கஜ நல்ல குழாய்க்கும் ஒரு பீலர் கேஜுக்கும் போதுமானதாகும். புரட்டாசி பிறக்குமுன் இவ்வேலைகளை முடித்துக்கொள்ளும் விவசாயி, முதல் மழைக்குப் பின் பதம் கண்ட அன்றே ஏர் பூட்டலாம்.