அச்சாணியும் ஆகாய விமானமும்

அச்சாணி இல்லாத் தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் வாக்கு. தேரின் வடம் பிடிப்போர் பல நூற்றுவர். அதன் அழகைக் கண்டு கைகூப்புவோர் பல்லாயிரவர். ஆனால் தேர் நகருமுன் குனிந்து அச்சாணியைத் தொட்டுப் பார்ப்பவன் ஒருவனே. அவனை எவரும் கவனிப்பதில்லை. அவனைப் பற்றி நமது சங்க அன்பர்களுக்கு எழுத வேண்டும் என்ற எண்ணம் நமக்கு உண்டானது 2025-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் மாலையில், சாக்கையில் உள்ள நமது சர்வதேச விமான நிலையத்தின் வாயிலில்.

வளைகுடா நாட்டில் பணிபுரியும் நமது தம்பி, திருக்கார்த்திகைக்கு ஊர் வந்து சேர்வதாகத் தெரிவித்திருந்தான். எழுபது வயதைக் கடந்த நமது தாயாரையும் அழைத்துக்கொண்டு, கரமனையிலிருந்து மூன்று மணிக்கே புறப்பட்டுச் சென்றோம். விமானம் வர நான்கு மணி நேரம் தாமதமாகும் என்றும், பறப்பதற்கு முன்னர் அதில் கட்டாயமாகச் செய்ய வேண்டிய பாதுகாப்பு வேலை ஒன்று உண்டென்றும் அறிவித்தார்கள். நாகர்கோவிலிலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும் வாடகைக் காரில் வந்து காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். “பறக்கிற அன்றைக்குத்தானா இவர்களுக்குச் சோதனை நினைவு வந்தது?” என்று ஒருவர் கேட்டார். நாமும் அவருக்கு ஒத்து ஊதினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். தாயார் மட்டும், “பார்த்துவிட்டே வரட்டும் மக்களே, பிள்ளை பத்திரமாய் வந்தால் போதாதா?” என்றார்கள். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

வீடு திரும்பிய பின்னரே, அந்தத் தாமதத்தின் காரணத்தைப் பொறுமையாகப் படித்து அறிந்தோம். 2025 அக்டோபர் 30-ஆம் நாள், மெக்சிகோ நாட்டின் கான்கூன் நகரிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க் நகருக்குச் சென்றுகொண்டிருந்த ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 ரக விமானம் ஒன்று, விமானி எதுவும் செய்யாதிருக்கும்போதே திடீரென்று மூக்கைத் தாழ்த்தியது. பயணிகள் பலர் காயமுற்றனர்; விமானம் டாம்பா நகரில் இறக்கப்பட்டது. வாலிலும் சிறகிலும் உள்ள அசையும் பலகைகளுக்குக் கட்டளை அனுப்பும் கணிப்பொறியில், சூரியனின் கடுங்கதிர்வீச்சினால் கணக்கு பிறழ்ந்திருக்கலாம் என்று விமானத்தைச் செய்த நிறுவனம் கருதியது. உலகெங்கும் ஏறத்தாழ 6,000 விமானங்கள் இந்தக் குறைக்கு ஆளாகக்கூடியவை எனக் கண்டறிந்து, நவம்பர் 28-ஆம் நாள் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு நிறுவனம் அவசர ஆணை பிறப்பித்தது. மறுநாளே நம் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமும் அதனைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் இந்த ஆணைக்கு உட்பட்டவை 338 விமானங்கள். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்பட்டது சில மணி நேர வேலையே: கணிப்பொறியில் புதிதாக ஏற்றியிருந்த நிரலை நீக்கிவிட்டு, முன்பிருந்த நிரலையே மீண்டும் ஏற்றுவது. ஆனால் அதைச் செய்யாமல் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்கலாகாது. நமது தம்பி ஏற வேண்டிய விமானமும் இதற்காகவே நின்றிருந்தது.

இந்த அசையும் பலகைகள் யாவை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். விமானத்தைத் தூக்கி நிறுத்துவது சிறகு, உந்துவது எஞ்சின், திருப்புவதும் ஏற்றுவதும் இறக்குவதும் இப்பலகைகளே. பெருஞ்சிறகுகளின் ஓரத்தில் இருப்பவை விமானத்தை இடமும் வலமும் சாய்க்கின்றன. வாலின் கிடைச்சிறகில் இருப்பவை மூக்கை உயர்த்துகின்றன, தாழ்த்துகின்றன. வாலில் செங்குத்தாக நிற்பது கப்பலின் சுக்கானைப் போன்றது. அதற்குப் பெயரும் சுக்கானே. இவற்றை அசைக்கத் திருகுகள், தண்டுகள், கம்பிகள், எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் உறுப்புகள், கணிப்பொறிகள் எனப் பற்பல உண்டு. எஞ்சின் ஒன்று நின்றாலும் மற்றொன்றைக் கொண்டு விமானம் இறங்கிவிடும். பலகை தன் விருப்பப்படி திரும்புமானால் விமானி செய்யத்தக்கது அதிகமில்லை. ஆகவே இவ்வுறுப்புகளுக்கு மட்டும் பரிசோதனையில் தனிக் கண்டிப்பு.

இக்கண்டிப்பு ஏட்டறிவால் வந்ததன்று; உயிர்களை விலையாகக் கொடுத்து வாங்கியது. 1991 மார்ச் 3-ஆம் நாள் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரருகே போயிங் 737 விமானம் ஒன்று தலைகீழாய் விழுந்து, அதில் இருந்த 25 பேரும் மாண்டனர். காரணம் அப்பொழுது புலப்படவில்லை. 1994 செப்டம்பர் 8-ஆம் நாள் பிட்ஸ்பர்க் அருகே அதே ரக விமானம் மற்றொன்று விழுந்து 132 பேர் மாண்டனர். நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்த பின்னர், சுக்கானை அசைக்கும் கருவியில் இருந்த சிறிய வால்வு ஒன்று சிக்கிக்கொண்டால், விமானி மிதித்த திசைக்கு எதிர்த் திசையில் சுக்கான் திரும்பக்கூடும் என்பது தெரிய வந்தது. அந்த அமைப்பையே மாற்ற வேண்டும் என்று 2002-இல் ஆணை பிறந்தது.

2000 ஜனவரி 31-ஆம் நாள் நடந்தது இன்னும் மனத்தை உறுத்துவது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் எம்.டி.-83 விமானம் கலிபோர்னியாக் கரையோரக் கடலில் விழுந்தது. 88 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வாலின் கிடைச்சிறகை ஏற்றி இறக்கும் பெருந்திருகு ஒன்று உண்டு. அது சுழலும் நட்டின் புரிகள் தேய்ந்து, இறுதியில் முற்றும் அறுந்துபோயிருந்தன. கடலிலிருந்து எடுத்த அத்திருகில், தேய்மானத்தைத் தடுக்க வேண்டிய கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. கிரீஸ் இடும் தவணையையும் தேய்மானத்தை அளக்கும் தவணையையும் ஆண்டுகள் செல்லச் செல்ல நீட்டிக்கொண்டே வந்திருந்தார்கள் என்று விசாரணை கண்டது. கைப்பிடி அளவு கிரீசுக்கு 88 உயிர்! விபத்து நடந்த சில நாட்களிலேயே, அவ்வகைத் திருகு உள்ள விமானங்கள் அனைத்தையும் சோதிக்குமாறு அமெரிக்க அரசு அவசர ஆணை பிறப்பித்தது. அந்த ஆணை ஓராண்டு முன்னர் வந்திருந்தால் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

உயிர்ப்பலி இல்லாமலே விழித்துக்கொண்ட கதையும் உண்டு. 2023 டிசம்பரில், வெளிநாட்டு விமான நிறுவனம் ஒன்று வழக்கமான பராமரிப்பின்போது, போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் சுக்கான் இணைப்பில் போல்ட்டு ஒன்றுக்கு நட்டே இல்லாதிருப்பதைக் கண்டது. வாங்கியவரிடம் இன்னும் ஒப்படைக்கப்படாத மற்றொரு விமானத்தில் நட்டு சரியாக முறுக்கப்படாமல் இருந்தது. உடனே அவ்வகை விமானங்கள் யாவற்றையும் சோதிக்குமாறு உற்பத்தி நிறுவனம் உலகெங்கும் கேட்டுக்கொண்டது. ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். யாரோ ஒரு பணியாளர் விளக்கைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்ததனால் இது தெரிந்தது. அவருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை.

நமது ஊருக்கும் இதில் பங்குண்டு. நமது விமான நிலையத்தை ஒட்டியே, போயிங் 737 ரக விமானங்களைப் பழுது பார்க்கும் பெருங்கொட்டகை இருக்கிறது. 2025 ஜூன் 14-ஆம் நாள் இரவு பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35பி போர் விமானம் இங்கு வந்து இறங்கியதும், பின்னர் பறக்க இயலாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றதும், ஊரார் அதைக் கேலிச் சித்திரமாக்கி மகிழ்ந்ததும் அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஹைட்ராலிக் கோளாறு என்று பத்திரிகைகள் எழுதின. இங்கிலாந்திலிருந்து பொறியாளர்கள் வந்து, ஜூலை 6-ஆம் நாள் அதனைக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்று சீர்செய்த பின்னர், ஜூலை 22-ஆம் நாள்தான் அது புறப்பட்டது. நாமும் சிரித்தவர்களுள் ஒருவர்தாம். இப்பொழுது எண்ணிப் பார்த்தால், உலகமே நகைத்தபோதும் சரியாகும்வரை பறப்பதில்லை என்று ஐந்து வாரம் நிறுத்தி வைத்தார்களே, அந்த உறுதிக்குத் தலை வணங்கவே தோன்றுகிறது.

இனி, கட்டாயச் சோதனை எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சுருங்கக் கூறுவோம். விமானத்தை வடிவமைத்த நாட்டின் அதிகாரிகள் குறையைக் கண்டவுடன் ஆணை வெளியிடுகின்றனர். எந்த ரகம், எந்த உறுப்பு, எத்தனை நாளுக்குள் அல்லது எத்தனை மணி நேரப் பறப்புக்குள், என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் கண்டிருக்கும். நம் நாட்டிலும் அதனை நிறைவேற்றியே ஆக வேண்டும். தவணை கடந்தால் அந்த விமானம் பறக்கும் தகுதியை இழக்கிறது. உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் வேலையைப் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். பலகைகளை இயக்கும் உறுப்பைக் கழற்றி மாட்டினால் அந்த ஒரு கையொப்பம் போதாது. முதலாமவர் சரி என்ற பின்னர், தகுதி பெற்ற இரண்டாமவர் ஒருவர் தாமே தனியாகச் சோதித்து மீண்டும் கையொப்பமிட வேண்டும். மனிதர் கண் பிசகும் என்பதை ஒப்புக்கொண்ட விதி இது.

ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்கு இதில் வியப்பில்லை. எங்கள் உலகிலும் வண்டி புறப்படுமுன் பெட்டிகளின் அடிப்பாகத்தை உற்று நோக்குபவர்கள் உண்டு. பிரேக் சக்திக்குச் சான்று எழுதி, ஓட்டுநரும் கார்டும் கையொப்பமிட்ட பின்னரே நெடுந்தூர வண்டி நகரும். மற்றொரு செய்தியும் உண்டு. ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது! 1941-ஆம் ஆண்டிலேயே ரயில்வே போர்டிலிருந்து பிரித்து அன்றைய தபால், விமானத் துறையிடம் ஒப்படைத்தார்கள். வண்டியை ஓட்டுபவனே வண்டியைக் குறை கூறுவது எளிதன்று என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இங்கே நம் சொந்தக் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், வேறோர் ஊரில், பரிசோதனைப் பதிவேட்டைச் சுத்தமாக எழுதும் வேலை நமக்கு. நாள்தோறும் எல்லாப் பத்தியிலும் ‘சரி’ என்றே வருவதைக் கண்டு, ஒரு மாலையில் மறுநாளைய பக்கத்தையும் ‘சரி’, ‘சரி’ என்று முன்கூட்டியே நிரப்பி வைத்தோம். நேரம் மிச்சமாகுமே என்ற நல்லெண்ணம்தான். மறுநாள் வயது முதிர்ந்த பரிசோதகர் ஒருவர் வந்து அப்பக்கத்தைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “தம்பி, நான் இன்னும் வண்டியின் கீழே குனியவில்லை. நான் பார்க்காததை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அப்பக்கம் முழுவதையும் குறுக்கே அடிக்கச் சொல்லி, பிழையென்று எழுதி நம்மையே கையொப்பமிடச் செய்தார். அன்று அவர் ஒரு பெட்டியின் பிரேக் இணைப்பில் ஆணி ஒன்று நழுவியிருப்பதைக் கண்டு, அப்பெட்டியை வண்டியிலிருந்து பிரித்துவிட்டார். நாம் எழுதிய ‘சரி’ அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

அரசு ஆணை பிறப்பிக்கலாம், தவணை குறிக்கலாம், பதிவேடும் அச்சிடலாம். குனிந்து பார்ப்பது ஒரு மனிதன். பார்க்காமல் பார்த்ததாக எழுதுவதும் ஒரு மனிதனே. அந்த இருவரில் எவன் அன்று பணியில் இருக்கிறான் என்பதே நம் பிள்ளைகளின் உயிருக்குக் காப்பு. அவன் பார்ப்பதற்கு உரிய நேரத்தை அவனுக்கு அளிப்பது பயணிகளாகிய நம் கடமை. வெளியே நின்று நாம் எழுப்பும் கூச்சல் சில சமயம் உள்ளே சோதிப்பவனின் காதிலும் விழக்கூடும்.

ஆகவே சங்கத்துக் குடும்பங்களுக்கு நமது பணிவான வேண்டுகோள். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாப சுவாமி ஆறாட்டுக்குச் சங்குமுகம் செல்லும்போது, நமது விமான ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. அதற்காக எவரும் முகம் சுளிப்பதில்லை. பாதுகாப்புச் சோதனைக்காக நிற்கும் விமானத்துக்கும் அதே பொறுமையைக் காட்டுவோம். முகூர்த்த நாளன்று காலையில் வந்து இறங்குமாறு பயணச் சீட்டு வாங்காமல், ஒரு நாள் முன்னதாகவே வாங்குவோம். உணவும் தங்கும் இடமும் குறித்து விமான நிறுவனத்திடம் உரிமையோடு கேட்போம். ஆனால் சோதிக்காமல் புறப்படச் சொல்லி ஒருபோதும் வற்புறுத்தலாகாது. நம் பிள்ளைகளில் எவனேனும் விமானப் பராமரிப்புப் படிப்பை நாடினால், அழுக்கு வேலை என்று தடுக்காமல் வாழ்த்தி அனுப்புவோம்.

அன்று இரவு பத்து மணிக்குத் தம்பி வெளியே வந்தான். களைத்திருந்தான்; பசித்திருந்தான். தாயார் அவன் தலையையும் தோளையும் தடவிப் பார்த்து, ஒரு குறையுமில்லை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்கள். அதுவும் ஒரு பரிசோதனைதான். அதற்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை.