ஓய்வு நேரமும் இருதய நலமும்

பழக்கம் என்பது ஒரு செயல் மாத்திரமன்று; அச்செயலுக்கென நாம் ஒதுக்கிவைத்த வேளையுமாகும். உணவு முடிந்ததும் சுருட்டு, அலுவலகம் விட்டதும் சிகரெட், நண்பர் கூடினால் மது, இரவிலே கைப்பேசியும் பொரித்த பலகாரமும் என ஒவ்வொரு தீய பழக்கமும் ஒரு வேளையைப் பற்றிக்கொண்டே வாழ்கின்றது. பழக்கத்தை விலக்கி, வேளையை வெறுமையாக விட்டால், விலக்கியது மீண்டும் வந்து குடிகொள்ளும். ஆதலின், ‘புகையாதே, குடியாதே’ எனத் தடுப்பதோடு அமையாது, அவ்விடத்தில் வைக்கத்தக்க இன்பம் யாது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

புகையிலையிலுள்ள நிக்கொட்டீன் இருதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றது. புகை நாடிகளின் உட்சுவரைப் பழுதாக்கி, இரத்தம் உறைவதற்கும் ஏதுவாகின்றது. எனினும் மனந்தளர வேண்டியதில்லை. புகைத்தலை விட்ட ஓராண்டளவில், அதனால் விளைந்த மேலதிக மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைகின்றது என்பர் வைத்திய அறிஞர்.

உடலசைவின் பயனை உலகிற்கு உணர்த்தியவருள் ஒருவர் இங்கிலாந்து வைத்தியர் ஜெரி மொறிஸ். இலண்டன் பஸ் ஊழியரை ஆராய்ந்து 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு வியப்பளிப்பது. நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, இருதட்டு வண்டிகளிலே படிகளில் ஏறியிறங்கிய நடத்துநரிடையே இருதய நோய் குறைவாயிருந்தது. மேசைத் தொழில் செய்வோர் யாது செய்வது? அதற்கும் அவர் விடை தேடினார். அரசாங்க உத்தியோகத்தரின் ஓய்வு நேரத்தை ஆராய்ந்து, ஓய்விலே உடலை நன்கு உழைப்பித்தவரிடையே அந்நோய் குறைவு என 1973இல் எடுத்துக்காட்டினார்.

வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் போதும். அதனை மருந்துபோல் விழுங்குவோர் சில நாளில் விட்டுவிடுவர். விரும்பிச் செய்வோரே தொடர்ந்து செய்வர். கத்தரிக்கும் பயிற்றைக்கும் பாத்தி கட்டி நீர் பாய்ச்சுபவர் பயிர் பார்க்கும் ஆவலால் நாளையும் மண்வெட்டி எடுப்பார். கரப்பந்தாட்டக்காரரைத் தோழர் வீடு தேடி வந்து அழைப்பர். துவிச்சக்கர வண்டியில் வாசிகசாலைக்குச் செல்பவருக்கு உடற்பயிற்சியும் உண்டு, உரையாடலும் உண்டு. புகைக்கும் ஆசை எழும்போது எழுந்து சிறிது தூரம் விரைந்து நடந்தால், அவ்வாசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆனால் சீட்டாட்டமும் சிகரெட்டும் சேர்ந்தே வந்தனவாயின், ஆட்டத்தையும் மாற்றுதலே நன்று.

நெடுங்காலம் அசைவின்றி இருந்தோர் சிறிது சிறிதாகத் தொடங்குக. நெஞ்சுவலியோ மூச்சிளைப்போ உடையோர் முதலில் வைத்தியரை நாடுக.

கல்லூரி மைதானத்தில் அன்று பந்தின் பின்னே ஓடிய பழைய மாணவர் பலர், இன்று எல்லைக் கோட்டருகே கதிரையில் அமர்ந்து கைதட்டுகின்றனர். வாரத்தில் ஒரு மாலையேனும் அவர்கள் கோட்டைக் கடந்து உள்ளே வரட்டும். மாணவரும், பரிசுக்கான ஆட்டத்தோடு நில்லாது, அறுபது வயதிலும் ஆடத்தக்க ஓர் ஆட்டத்தை இப்பொழுதே கற்றுக்கொள்க. இருதயத்திற்கு நாம் சேர்த்து வைக்கத்தக்க நல்ல முதுசொம் அதுவே.