சனி, ஞாயிறு கடலுக்கடியில்... திங்கட்கிழமை விமானத்திலா? கொஞ்சம் பொறுங்கள்!

தேவனாம்பட்டினத்தில் தொடங்கி சிதம்பரம் வரைக்கும் எந்தத் தெருவில் விசாரித்தாலும், சிங்கப்பூரில் இருக்கிற பிள்ளையோ மருமகனோ ஒருவர் தேறுவார். அப்படி ஒரு பிள்ளை உங்களுக்கு போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அப்பா... வெள்ளிக்கிழமை ராத்திரி படகுல கிளம்பறோம். மலேசியா பக்கம் தீவு. ரெண்டு நாளும் சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகுலயேதான். பகல்ல ஸ்கூபா டைவிங். ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குள்ள திரும்பிடுவோம்."

சில்வர் பீச்சில் முழங்கால் தண்ணீரைத் தாண்டவிடாமல் வளர்த்த பிள்ளை! உங்களுக்கு வயிற்றைக் கலக்குமா, கலக்காதா?

பதற வேண்டாம். "போகாதே" என்று தடுக்கவும் வேண்டாம். பதிலாக ஒரு கேள்வி கேளுங்கள்: "திரும்பி வந்ததுக்கு அப்புறம் எப்போப்பா ஃப்ளைட் ஏறப்போறே?"

டைவிங்குக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றுகிறதா? நிறைய சம்பந்தம் இருக்கிறது.

அது என்ன பயணம்?

படகிலேயே தங்கி டைவ் செய்வதற்கு 'லிவ்அபோர்ட்' என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் இத்தகைய படகுகள் மலேசியக் கடல் எல்லைக்குள் இருக்கும் தியோமான், அவுர், டாயாங் தீவுகள் பக்கம் போகும். மார்ச் முதல் அக்டோபர் வரைதான் சீசன். அதன் பிறகு அங்கே கடல் கொந்தளிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் கடலூரைப் புரட்டி எடுக்கிறதே, அதே வடகிழக்குப் பருவக்காற்றின் வேலைதான் அங்கேயும்.

டைவிங் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்களுக்குத்தான் பொதுவாக இந்தப் படகுகளில் இடம். முதல் நிலைச் சான்றிதழ் இருந்தால் 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம். அடுத்த நிலைக்கு 30 மீட்டர்.

சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை!

முதுகில் மாட்டிக்கொள்வதை 'ஆக்சிஜன் சிலிண்டர்' என்றுதான் பலரும் சொல்கிறோம். உண்மையில் பெரும்பாலும் அதில் இருப்பது நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்று. அழுத்தி அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் ஒரு மடங்கு கூடும். தரையில் ஒன்று என்றால் 10 மீட்டரில் இரண்டு, 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் கூடக் கூட, நாம் இழுக்கிற நைட்ரஜன் ரத்தத்திலும் கொழுப்பிலும் தசையிலும் கரைந்துகொண்டே போகும். கீழே இருக்கும்வரை அது குமிழியாக மாறாது.

கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும்வரை உள்ளே குமிழியே தெரியாது. கோலியைத் தள்ளியதும் 'புஸ்'ஸென்று பொங்குகிறதே! வேகமாக மேலே வந்தால் உடம்புக்குள்ளும் அதே கதைதான். கரைந்திருந்த நைட்ரஜன் குமிழியாக மாறி மூட்டில் சேர்ந்தால் வலி. தண்டுவடத்தைத் தாக்கினால் கால் விளங்காமல்கூடப் போகலாம். இதற்கு 'டிகம்ப்ரஷன் நோய்' என்று பெயர்.

ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி வெள்ளாடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதனை செய்தார். எவ்வளவு மெதுவாக மேலே வந்தால் ஆபத்து இல்லை என்று 1908-ல் கணக்கு வெளியிட்டார். இன்று டைவர்கள் கையில் கட்டும் குட்டிக் கம்ப்யூட்டருக்கு அந்தக் கணக்குதான் பாட்டன்!

நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. மேலே வருவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் நிற்க வேண்டும். எந்த நேரத்திலும் மூச்சை அடக்கக் கூடாது. அடக்கிக்கொண்டு மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். ஓரிரு மீட்டர் ஆழத்தில்கூட இது நடக்கும்.

திரும்பும் நேரத்தை முதலில் எழுதுங்கள்

சரி... படகிலிருந்து பத்திரமாக இறங்கியாயிற்று. அதோடு முடிந்ததா? இல்லை. மீதி நைட்ரஜன் பல மணி நேரம் உடம்பிலேயே இருக்கும். அந்த நிலையில் விமானம் ஏறினால்? விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 8,000 அடி உயர மலை உச்சியில் இருப்பது அளவுக்குக் குறையலாம். மறுபடியும் கோலியைத் தள்ளின கதைதான்!

'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' அமைப்பு 2002-ல் நிபுணர்களைக் கூட்டி வகுத்த கணக்கு இது: ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால், விமானம் ஏற குறைந்தது 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரே நாளில் பல டைவ், அல்லது தொடர்ந்து பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம். வழியில் நிறுத்தி நிறுத்தி ஏறவேண்டிய ஆழமான டைவ் என்றால் அதற்கும் மேல். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு பகல் 2 மணிக்குக் கடைசி டைவ் முடிகிறது. 18 மணி நேரம் கூட்டினால் திங்கள் காலை 8 மணி. 'ஊர்ல விசேஷம்' என்று ஞாயிறு ராத்திரியே சென்னைக்கு விமானம் பிடித்தால் ஆபத்தை விலைக்கு வாங்கியதுபோல. அதனால் பயணத் திட்டத்தை முன்னிருந்து பின்னாகப் போடாமல், பின்னிருந்து முன்னாகப் போடச் சொல்லுங்கள். முதலில் எழுத வேண்டியது விமான நேரம். அதிலிருந்து 24 மணி நேரத்தைக் கழித்தால் கிடைப்பதுதான் கடைசி டைவின் நேரம். அதற்கப்புறம்தான் படகு டிக்கெட்!

மலைக்கும் இதே விதிதான். புதுச்சேரியில் டைவ் செய்துவிட்டு அன்று ராத்திரியே ஏற்காடு, கொடைக்கானல் என்று கிளம்பக் கூடாது.

நாகப்பட்டினம் வழியாகவும் போகலாம்

எல்லை தாண்டி டைவ் செய்ய சிங்கப்பூரில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாகப்பட்டினத்துக்கும் இலங்கையின் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓட ஆரம்பித்தது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். எனவே தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

அங்கிருந்து தரை வழியாகத் திருகோணமலை போனால், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. பவளப்பாறை பார்க்க நல்ல இடம். ஏறக்குறைய மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். இது படகில் தங்கும் பயணம் கிடையாது. கரையில் தங்கி, காலையில் போய் வருவது. சனி, ஞாயிறு மட்டும் போதாது. நாலைந்து நாளாவது வேண்டும்.

இதில் ஒரு லாபம் உண்டு. கப்பல் கடல் மட்டத்திலேயே போவதால் விமானத்துக்கான காத்திருப்பு இதற்கு இல்லை. ஆனால் 'வந்ததுதான் வந்தோம்' என்று டைவ் முடிந்த கையோடு நுவரெலியாவுக்கு வண்டியை விட்டுவிடாதீர்கள். அது 6,000 அடிக்கு மேல்! மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு வாருங்கள்.

யார் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

டைவ் செய்வதற்கு முன் மருத்துவக் கேள்வித்தாள் ஒன்றை நிரப்பச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏமாறுவது படகுக்காரர் இல்லை, நம் உடம்புதான்.

45 வயதைத் தாண்டியவர்கள், புகை பிடிப்பவர்கள், பி.பி., கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். டைவிங் மரணங்களில் கணிசமானவற்றுக்குப் பின்னால் இருப்பது இதய நோய்தான். ஆஸ்துமா, சர்க்கரை நோய், காதில் ஆபரேஷன், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் டாக்டர் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களும், நுரையீரல் தானாகச் சுருங்கிய வரலாறு உள்ளவர்களும் இந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது.

சாதாரண ஜலதோஷத்தைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள். காதையும் மூக்கையும் இணைக்கும் குழாய் அடைத்திருந்தால் செவிப்பறை கிழியலாம். மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் சரியில்லை. தண்ணீருக்குள் இருக்கும்போதே மாத்திரையின் வேகம் குறைந்தால், மேலே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் வலி பின்னியெடுக்கும்.

படகில் இரண்டு நாள்

ஒரு நாளைக்கு மூன்று, நான்கு டைவ் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். 'காசு கொடுத்தாச்சே' என்று எல்லாவற்றிலும் குதிக்க வேண்டியதில்லை. களைப்பாக இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடம்பில் நீர் வற்றினால் டிகம்ப்ரஷன் நோய்க்கான வாய்ப்பு கூடலாம். மது வேண்டாம். கடல் குமட்டலுக்கு மாத்திரை போடுகிறவர்கள் ஊரிலேயே ஒருநாள் போட்டுப் பாருங்கள். சிலருக்குத் தூக்கம் அசத்தும். அந்த மயக்கத்தோடு கடலில் இறங்கக் கூடாது.

ராத்திரி தூங்கும் இடத்தையும் கவனியுங்கள். அமெரிக்காவில் கலிபோர்னியா கடலில் 2019 செப்டம்பர் 2-ம் தேதி விடியற்காலை 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவு ரோந்துக்கு ஆள் வைக்காதது விசாரணையில் வெளிவந்தது. எனவே படகில் ஏறியதும், 'ராத்திரி யார் முழித்திருப்பார்கள்? வெளியேற இரண்டாவது வழி எது?' என்று கேட்கத் தயங்காதீர்கள். போன், கேமரா பேட்டரியைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

பாஸ்போர்ட் குறைந்தது 6 மாதமாவது செல்ல வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வர மலேசியா அனுமதித்தது. இது கெடு வைத்து நீட்டிக்கப்படும் சலுகை என்பதால் கிளம்பும் வாரம் சரிபாருங்கள். சிங்கப்பூருக்குத் திரும்பி நுழையும் அனுமதியும் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம் இன்சூரன்ஸ். சாதாரணப் பயண பாலிசிகள் பலவற்றில் ஸ்கூபாவுக்கு இடமே இருக்காது, அல்லது ஆழத்துக்கு வரம்பு இருக்கும். அடுத்த நாட்டுக் கடலிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் செலவையும் பாலிசி ஏற்குமா என்று படித்துப் பாருங்கள்.

டிகம்ப்ரஷன் நோய்க்கு மருந்து என்பது 'ஹைபர்பேரிக் சேம்பர்' என்ற அழுத்த அறைதான். அது எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது. சிங்கப்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. மலேசியாவில் லூமுட் ராணுவ ஆஸ்பத்திரியில் இருக்கிறது. ஆனால் லூமுட் மேற்குக் கரை, தியோமானோ கிழக்குக் கரை! பக்கத்தில் எந்த அறை, அங்கே எப்படிக் கொண்டுபோவார்கள், படகில் சுத்த ஆக்சிஜன் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது... இந்த மூன்றையும் முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அடிக்கடி வரும் சந்தேகங்கள்

*மாதவிலக்கு நாட்களில் டைவ் செய்யலாமா? சுறா வருமாமே?*
உடல்நிலை சரியாக இருந்தால் செய்யலாம். அதனால் சுறா வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

*நீச்சல் தெரிய வேண்டுமா?*
சான்றிதழ் வாங்க, நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிஷம் மிதக்கவும் தெரிய வேண்டும். நீச்சல்குளத்தில் பழகுங்கள். அலை இழுக்கும் சில்வர் பீச்சில் பழக வேண்டாம்.

*வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?*
மூட்டுவலி, கை கால் மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகத் தடிப்பு, தலைசுற்றல், சிறுநீர் கழிக்க முடியாமை, காரணமில்லாத கடும் அசதி. பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே தெரியும். ஒரு நாள் கழித்தும் வரலாம். 'மூட்டை தூக்கின வலி' என்று தைலம் தேய்த்து நேரத்தைக் கடத்தாதீர்கள். உடனே படுக்கவைத்து, சுத்த ஆக்சிஜன் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே, "நேற்று டைவிங் போனேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்!