கண்ணை மூடு, கையைக் காட்டு

பகலெல்லாம் ஆடித் திரிந்த பிள்ளை, படுத்துப் போர்த்திய கொஞ்ச நேரத்தில் கையைச் சொறிய ஆரம்பிக்கிறது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் விரலிடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம். “கொசு கடிச்சிருக்கும், தூங்குடா” என்கிறார் அம்மா. ஒரு மாதம் கழித்துத் தங்கையும் சொறிகிறாள். அடுத்து பாட்டி.

கொசுக்கடி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. இது ஒட்டுகிறது. இது சிரங்கு.

பிள்ளைகளின் கையில் வரும் தோல் கோளாறுகளை நிறத்தை வைத்து அடையாளம் காண முயன்றால் நாம் ஏமாந்துபோவோம். “சிவந்து தடிக்கும்” என்று பாடப் புத்தகங்கள் எழுதியது வெள்ளைத் தோலைப் பார்த்து. மாநிறத்திலும் கறுப்பிலும் அதே அழற்சி பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோதான் தெரியும். அதனால் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். கையில் எந்த இடம்? எந்த நேரத்தில் அரிப்பு? வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது?

இரவில் அரித்தால்

சிரங்குக்குக் காரணம், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட ஓர் உண்ணிப் பூச்சி. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கூர்ந்து பார்த்தால், பென்சிலால் லேசாகக் கீறியது போன்ற வளைகோடு தெரியலாம். அது அந்தப் பூச்சி போன பாதை. ஒருவர் உடம்பில் பெரும்பாலும் பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும். அவற்றின் மீதும் முட்டை, கழிவு மீதும் உடம்பு காட்டும் ஒவ்வாமைதான் அவ்வளவு அரிப்பு. அந்த ஒவ்வாமை உருவாக முதல் முறை நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தங்கை ஒரு மாதம் கழித்துச் சொறிந்தது அதனால்தான்.

1687இல் இத்தாலிய மருத்துவர் போனோமோ இந்தப் பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்து விவரித்தார். அவருக்கு வழிகாட்டியவர்கள் ஏழைத் தாய்மார்கள். பிள்ளைகளின் சிரங்கிலிருந்து ஊசிமுனையால் எதையோ எடுத்து நகத்தில் வைத்து நசுக்குவதை அவர் கவனித்திருந்தார்.

மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டில் எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், ஒரே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ஒருவரை விட்டாலும் பூச்சி திரும்பி வரும். துணி, போர்வையை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள்.

மடிப்பிலா, வட்டமாகவா?

முழங்கை மடிப்பில் தோல் வறண்டு, தடித்து, அரித்தால் அது பெரும்பாலும் கரப்பான். கைக்குழந்தைக்கு இது கன்னத்திலும் கையின் வெளிப்புறத்திலும் வரும். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமாவோ ஓயாத தும்மலோ இருக்கலாம். இது ஒட்டாது. குளித்த ஈரம் காயுமுன் ஈரப்பதக் களிம்பு பூசுவதுதான் இதில் பாதி வைத்தியம்.

மேற்கையின் பின்புறத்தைத் தடவினால் உப்புத்தாள் போல் சொரசொரக்கிறதா? மயிர்க்கால்களைக் கெரட்டின் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்துப் புண்ணாக்காதீர்கள்.

ஓரம் மேடாகவும் நடுவில் தெளிந்தும் வட்டமாகப் பரவினால் படர்தாமரை. இது பூஞ்சை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தால், இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். பூஞ்சை உள்ளே செழிக்கும். வட்டத்தின் உருவமும் கலைந்து, மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் மத்திய அரசு விதித்தது. வழக்கமான மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சைக்கு 2020இல் வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைகோஃபைட்டான் இண்டோடினியே.

வெளிறிய திட்டு

கன்னத்திலும் மேற்கையிலும் ஓரம் மங்கலாக, லேசான செதிலோடு வெளிறிய திட்டு வந்தால் “வயித்துல பூச்சி” என்று மாத்திரை கொடுப்பது நம் வீட்டு வழக்கம். அந்தத் திட்டுக்கும் வயிற்றுப் பூச்சிக்கும் சம்பந்தமில்லை. அது வறண்ட தோலில் வரும் ஒரு வகைத் தேமல். வெயிலில் சுற்றித் தோல் கறுக்கும்போது எடுப்பாகத் தெரியும். சில மாதங்களில் தானே மறையும். பால் போல் வெளுத்து, ஓரம் தெளிவாக இருந்தால் வெண்புள்ளி. அதுவும் ஒட்டாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை விரலால்தான் கண்டுபிடிக்க முடியும். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, நல்ல தோலில் பால்பாயிண்ட் பேனா முனையால் மெல்லத் தொடுங்கள். “தொட்ட இடத்தைக் காட்டு” என்று பழக்குங்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லித் திட்டின் மேல் தொடுங்கள். விரல் அந்த இடத்துக்கு வராவிட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். உணர்வு இருந்தும் திட்டு மாதக்கணக்கில் மாறாவிட்டாலும் காட்டுவது நல்லது.

பயப்படத் தேவையில்லை. கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு மாதமோ ஓராண்டோ விடாமல் சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். நரம்பு கெடுமுன் தொடங்கிவிட்டால், அந்தப் பிள்ளையின் விரல் மடங்கி முடங்காது.